ஈர மாலையும் ஓடிப்போன அணுக்களும்

புதிதாகத் துப்புரவு வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் ஒரு நல்ல சேதி. அந்த லேப்பில் நீங்கள் என்ன தப்புச் செய்தாலும் அது நான் செய்ததைவிடச் சின்னதாகத்தான் இருக்கும். ஆகவே பயப்படாமல் உள்ளே போங்கள். காலுக்கு உறையும் தலைக்குத் தொப்பியும் மாட்டிக்கொண்டு போங்கள், அவ்வளவுதான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பஸ் நம்பர் தெரியும், மணி பார்ப்பேன். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சுக்குக் கொஞ்சம் இஸ்திரி போட்டுத்தான் எழுதுவாளாம். போடட்டும். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன். இஸ்திரி போட்டால் செல்வராஜ் பேசியது செல்வராஜ் பேசியது மாதிரியே இருக்காது. செல்வராஜ் யார் என்று பிறகு சொல்கிறேன்.

லேப் உங்களுக்குத் தெரியும். திருமயம் தாண்டி, ரோட்டை விட்டு உள்ளே, கல்லூரிக்குப் பின்னால் பாறை மேல் நிற்கிற கட்டடம். கட்டும்போது, இந்தப் பொட்டலில் எதற்கு இதெல்லாம் என்று அக்கம்பக்கத்து ஊரெல்லாம் கேட்டது. பாறைக்காகத்தான். நம் ஊர்ப் பாறை அசையாது, அந்த மெஷினுக்கு அசைவு ஆகாது. கல்குவாரியில் வெடி வைத்தால்கூட அதற்குத் தெரிந்துவிடும். அதனால் பெரிய சார் குவாரிக்காரர்களிடம் பேசி, வெடி வைக்கும் நேரத்தை வாங்கி, கதவில் ஒட்டி வைத்திருந்தார். பெரிய சார் என்றால் லேப்புக்குத் தலைவர். கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார், இருக்கிற சத்தமும் அடங்கிவிடும். அதுதான் எங்களுக்குப் பயம்.

அந்த மெஷின் என்ன செய்கிறது என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இருப்பவர்கள் கேட்பார்கள். தெரியாது என்று சொல்லாதீர்கள், நமக்குத்தான் அசிங்கம். பவித்ரா எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பவித்ரா குன்றாண்டார்கோவில் பக்கத்துப் பெண். அப்பாவுக்குக் கடலை விவசாயம். அவள் நான்கு வருடமாக அந்த லேப்பில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நான் பெருக்கி முடித்து மூச்சு வாங்கும்போதெல்லாம் ஏதாவது சொல்லிக் கொடுப்பாள்.

“ஆத்தா, இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள காத்தே கெடையாது. ருபீடியம்னு ஒரு உலோகம் இருக்கு. அதோட ஆவியக் கொஞ்சூண்டு உள்ள விட்டு, லேசர் வெளிச்சத்த வச்சு ஒவ்வொரு அணுவாப் புடிச்சு நிறுத்துறோம்.”

“வெளிச்சத்த வச்சு எப்புடித்தா புடிப்ப? கையில சிக்குமா?”

“இடுக்கி மாதிரி ஆத்தா. வெளிச்சந்தான் இடுக்கி.”

கம்ப்யூட்டர் திரையில் அது தெரியும். கறுப்பில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு அணு. பிடித்தவுடன் பார்த்தால் பாதி இடம் காலியாக இருக்கும். கடலை போட்டு எட்டாம் நாள் வயலுக்குப் போனால் அப்படித்தான் இருக்கும், சாலில் நடுநடுவே முளைக்காமல் கிடக்கும். நாம் அந்த இடத்தில் இன்னொரு விதையை ஊன்றுவோம். இவர்கள் ஓரத்தில் நிற்கும் அணுவை வெளிச்சத்தாலேயே அலுங்காமல் தூக்கி வந்து காலி இடத்தில் வைப்பார்கள். கண் மூடித் திறப்பதற்குள் வரிசை நிறைந்துவிடும். அதைப் பார்ப்பதற்காகவே நான் அந்த மேசைக்குக் கீழே ரெண்டு தடவை கூட்டியிருக்கிறேன்.

அந்த அணுவுக்கு மின்சாரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதனால் ஒட்டி நின்றாலும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. வேறு ஒரு வெளிச்சத்தைக் காட்டினால் ஒன்று பெருத்துக்கொள்ளும். அது பெருத்து நிற்கிறவரைக்கும் பக்கத்தில் இருப்பது பெருக்க முடியாது. டவுன் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் ஒருத்தி காலை அகட்டி உட்கார்ந்துவிட்டால் அடுத்தவள் ஒடுங்கித்தானே உட்கார வேண்டும்? அதேதான். யார் பெருத்தது, யார் ஒடுங்கியது என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறார்களாம். சாதாரண கம்ப்யூட்டர் திணறுகிற கணக்கை ஒரு நாள் இது போட்டுவிடுமாம். போடட்டும், நல்லது.

இதெல்லாம் நடக்க அந்த ரூமில் மூன்று விஷயம் மாறக் கூடாது என்று முதல் நாளே சொன்னார்கள். அசையக் கூடாது, தூசி வரக் கூடாது, சூடோ குளிரோ கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அசைவையும் தூசியையும் நான் நன்றாகப் பிடித்துக்கொண்டேன். சேர்ந்த புதிதில் ஒரு நாள் வாளியைத் தொப்பென்று வைத்துவிட்டேன். திரையில் பாதிப் புள்ளி போய்விட்டது. அன்றிலிருந்து வாளியை, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரித்தான் இறக்குவேன். உலர்ந்த துடைப்பத்தை உள்ளே கொண்டுபோக மாட்டேன். பூ வைத்துக்கொண்டு போக மாட்டேன், பவுடர் பூச மாட்டேன். மூன்றாவது விஷயத்தைப் பற்றி நான் கவலையே படவில்லை. சூட்டை ஏசி பார்த்துக்கொள்கிறது, எனக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். சிங்கப்பூரில் இருக்கும் மகன் அனுப்பிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போவேன். அப்படியும் கால் மணி நேரத்தில் ரெண்டு முட்டியும் பிடித்துக்கொள்ளும். வெளியே வந்து வெயிலில் நின்றால்தான் கால் நீளும்.

இனி ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

அந்த வருடம் பவித்ராவுக்குக் கல்லூரி கொடுத்திருந்த காலம் தை மாதத்தோடு முடிகிறது. எல்லாம் முடித்துவிட்டாள். கடைசியாக ஒரே ஒரு அளவு எடுக்க வேண்டும். அணுக்களை ஒரே சீராக நிறுத்தி வைத்து ஐந்தாறு நாள் தொடர்ந்து எடுக்கிற அளவு. பூஜை விடுமுறையில் குவாரி கிடையாது, கல்லூரிப் பஸ் கிடையாது, காம்பவுண்டே அமைதியாக இருக்கும். அந்த நாட்களுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தாள். அவளும் பெரிய சாரும் விடுமுறை எடுக்கவில்லை.

ஆயுத பூஜை அன்று காலை கட்டடம் முழுக்க நாங்கள் பூஜை போட்டோம். லிஃப்டுக்குப் பொட்டு, ஜெனரேட்டருக்குப் பொட்டு, பெரிய சார் காருக்கு எலுமிச்சம்பழம். லேப் கதவுக்கு வெளியே மட்டும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். சாம்பிராணியை அந்தப் பக்கமே கொண்டுபோகவில்லை. அவ்வளவு விவரமாகத்தான் இருந்தேன்.

எல்லாம் முடிந்து பார்த்தால் ஒரு செவ்வந்தி மாலை மிச்சம். உள்ளே இருக்கிற மெஷினைக் கதவு வழியாகப் பார்த்தேன். ஜெனரேட்டருக்கே பூ வைத்தாயிற்று. நாலு வருடமாக ஒரு பெண் உயிரைக் கொடுத்து உழைக்கிற மெஷின் ஒரு பூ இல்லாமல் நிற்கிறது. மனது கேட்கவில்லை.

பூவில் மகரந்தம் இருக்கும், அது தூசி என்று எனக்குத் தெரியும். அதனால் மாலையைக் குழாயடியில் மூன்று தரம் அலசினேன். உதறினேன், மறுபடி அலசினேன். ஒரு பொடி பறக்காத அளவுக்கு நனைத்தேன். மெஷினைத் தொடக் கூடாது என்பதும் தெரியும். அதனால் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தேன். ஏசிக்கு எதிர்ச் சுவரில் சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதில் ஒரு நம்பர். பெட்டிக்கு மேலே ஒரு ஆணி, கீழே ஏதோ எழுதிய காகிதம். ஆணியில் மாலையைப் போட்டேன். பெட்டியைச் சுற்றி வளைத்துக்கொண்டு அம்சமாகத் தொங்கியது.

பவித்ரா வந்து பார்த்தாள். “நல்லாருக்கு ஆத்தா!” என்றாள். பெரிய சார் வந்தார். ரெண்டு விரலால் பூவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேசைக்குப் போய்விட்டார்.

அந்தக் காகிதத்தில் ‘இதன் மேல் எதையும் மாட்டக் கூடாது’ என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்ததாம். எனக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர்கள் ரெண்டு பேரும் அன்றைக்குப் படிக்கவில்லை. ஒட்டிப் பல வருடம் ஆன காகிதம் சுவரோடு சுவராகிப் போகும் போலிருக்கிறது.

பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமிக்கு மறுபூஜை செய்துதானே எடுப்போம்? அதுவரைக்கும் மாலை வாடக் கூடாது, காய்ந்து உதிரவும் கூடாது, உதிர்ந்தால் தூசி. சாயங்காலம் தண்ணீர் தெளித்தேன். மறுநாள் காலை வந்தவுடன் மறுபடி நன்றாகத் தெளித்தேன். எவ்வளவு கவனம் பாருங்கள்.

அந்தக் காலையில் இன்னொன்றும் நடந்தது. ரூமை முழுக்கத் துடைத்து முடித்து நிமிர்கிறேன், முட்டி வலிக்கவில்லை. ஒரு கால் மடக்கினேன், மறு கால் மடக்கினேன். வலியே இல்லை. மாலை போட்டதற்கு சரஸ்வதி தாயே உடனுக்குடன் பலன் கொடுத்துவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வெளியே வந்து எல்லாரிடமும் சொன்னேன். சிரிக்காதீர்கள்.

பத்து மணிக்கு பவித்ராவின் முகம் மாறிவிட்டது. வரிசையில் புள்ளிகள் குறைந்துகொண்டே போகின்றன. நிறைத்து வைத்தால் நிற்கவில்லை. வெளிச்சத்தைத் திருப்பிவிடுகிற கண்ணாடிகளைத் திருகிச் சரி செய்கிறார்கள், வருகின்றன, அரை மணியில் மறுபடி போய்விடுகின்றன. குவாரியா என்று பார்த்தால் குவாரி மூடிக் கிடக்கிறது. லேசரைப் பார்த்தார்கள், ஒயரைப் பார்த்தார்கள். நடுவில் பெரிய சார் சுவர்ப் பெட்டியில் நம்பரையும் பார்த்தார். இருபத்திரண்டு. எப்போதும் இருக்கிற இருபத்திரண்டுதான். அதை விட்டுவிட்டார்.

மதியம் திரை சுத்தமாகக் கறுப்பாகிவிட்டது. ஒரு அணுகூட இல்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் காற்று எவ்வளவு இருக்கிறது என்று காட்ட ஒரு மீட்டர் உண்டு. அது வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏறியிருந்தது. பெரிய சார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் சொன்னார்.

“லீக்குதாம்மா. எங்கயோ காத்து உள்ள போகுது. தொறந்துதான் ஆகணும்.”

“சார், தொறந்தா திரும்ப இந்த நெலமைக்குக் கொண்டாற சித்திரை ஆயிரும் சார்” என்றாள் பவித்ரா.

“தெரியும்.”

“எனக்குத் தை வரைக்குந்தான் சார் இருக்கு.”

“அதுவும் தெரியும்மா. லீக்கோட ஓட்டுனா காத்த உறிஞ்சுற பம்பும் போயிரும். அப்புறம் யாருக்குமே மெஷின் இருக்காது.”

அவள் அழவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, சாவிப்பெட்டியை எடுக்கப் போனாள். ஸ்பேனர் எல்லாம் வைக்கிற பெட்டி. அவள் நடந்த நடையை நான் கதவோரத்தில் நின்று பார்த்தேன். விளைந்து நிற்கிற வயலைத் தன் கையாலேயே அழிக்கப் போகிறவள் நடை.

இந்த நேரத்தில்தான் செல்வராஜ் வந்தார். செல்வராஜ் நம்மை வேலைக்கு அனுப்புகிற கான்ட்ராக்டின் சூப்பர்வைசர். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் தன் தலைக்கு வராமல் பார்த்துக்கொள்வார். எங்கள் நாலு பேரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“இந்தா பாருங்க, உள்ள ஏதோ பெரிய ரிப்பேராம். யாரு என்ன கேட்டாலும் ‘கூட்டுனோம், தொடச்சோம், வேற ஒண்ணுந் தெரியாது’ன்னு சொல்லணும். வெளங்குச்சா?”

“நாம ஒண்ணும் பண்ணலயே, தம்பி” என்றேன்.

“பண்ணலன்னா நல்லது. பண்ணிருந்தாலும் பண்ணல. போங்க.”

நான் போய்விட்டேன். கைத் துணியை எடுக்க லேப்புக்குள் போனேன். சுவரோரம் குனிந்து நிமிர்ந்தேன். முட்டி இப்போதும் வலிக்கவில்லை. சந்தோஷப்படப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். ஸ்வெட்டரை நான் காலையிலிருந்தே போடவில்லை. பவித்ரா அவள் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டிருக்கிறாள். பெரிய சார் சட்டை முதுகில் ஒட்டியிருக்கிறது. பயத்தில் வேர்க்கிறது என்று எல்லாருமே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

சுவர்ப் பெட்டியில் நம்பரைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே உருவம், அதே இருபத்திரண்டு. நம்பர் குளிர் என்கிறது, முட்டி குளிர் இல்லை என்கிறது. முட்டி பொய் சொல்லாது, முப்பது வருடமாக அதோடு குடும்பம் நடத்துகிறேன்.

கையை நீட்டி மாலையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளைக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவோமே, அந்தச் சில்லிப்பு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பெட்டிதான் ரூம் சூட்டைப் பார்த்து ஏசிக்குச் சொல்கிறது என்றால், நான் அதன் நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டேன். அது தன் உடம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு ரூம் குளிராக இருக்கிறது, போதும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. ஏசி அதை நம்பிப் பேசாமல் இருக்கிறது.

பிள்ளைகளே, இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். மற்றதெல்லாம் வாய் நிற்காமல் சொன்னது.

என் கை மாலை மேல் இருக்கிறது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. எடுத்து முந்தானைக்குள் சுருட்டினால் முடிந்தது. மறுபூஜைக்கு எடுத்தேன் என்று சொல்லலாம், அது பொய்கூட இல்லை. சாயங்காலத்துக்குள் ரூம் குளிர்ந்துவிடும். செல்வராஜும் சந்தோஷப்படுவார். நம் வேலையே அதுதானே, எதையும் ஒரு துடைப்பில் இல்லாமல் ஆக்குவது. நம் கை அதற்குப் பழகிய கை.

ஆனால் ரூம் குளிரச் சாயங்காலம் ஆகும். அங்கே பவித்ரா சாவிப்பெட்டியைத் திறந்துவிட்டாள். நான் சத்தமில்லாமல் எடுத்தால் மாலைதான் போகும், லீக் என்கிற நினைப்பு அவர்கள் தலையில் அப்படியே இருக்கும். ஒரு போல்ட்டைக் கழற்றிவிட்டார்கள் என்றால் அப்புறம் ரூம் குளிர்ந்து என்ன, சுட்டு என்ன? சொல்லித்தான் ஆக வேண்டும், அதுவும் மாலை இருக்கிறபடியே இருக்கும்போது சொல்ல வேண்டும். எடுத்த பிறகு சொன்னால் ஒரு கிழவி என்னமோ உளறுகிறாள் என்பார்கள். கையை எடுத்துக்கொண்டேன்.

பெரிய சார் ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டிவிட்டார்.

“சார், ஒரு நிமிசம்.”

அவர் திரும்பவில்லை. கதவில் நின்ற செல்வராஜ், “பொன்னழகு, கம்முனு வெளிய வாங்க” என்றார்.

“வாரேன் தம்பி, சொல்லிட்டு வாரேன். சார், இந்த ரூம்பு சுடுது சார்.”

“இருபத்திரண்டு காட்டுது” என்றார் பெரிய சார், திரும்பாமலே.

“அது மாலைக்குள்ள இருக்குல்ல சார், அதுக்கு மட்டும் இருபத்திரண்டு. நமக்கு இல்ல. எம் முட்டி காலையிலருந்து வலிக்கல. நாந்தான் சார் மாலையப் போட்டேன். நனைச்சுப் போட்டேன். காலையிலயும் தண்ணி தெளிச்சேன்.”

“எத்தன மணிக்குத் தெளிச்சீங்க?” பவித்ராதான் கேட்டாள். குரலே வேறாக இருந்தது.

“வந்தவொடனே. எட்டு இருக்கும்.”

“நேத்து?”

“நேத்துச் சாயங்காலம் அஞ்சு, அஞ்சரை.”

அவள் ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். திரையில் ஒரு கோடு, ஏணிப்படி மாதிரி இறங்கிப் போகிற கோடு. “சார், அஞ்சரைக்கு மேல ஒரு எறக்கம். எட்டுக்கு மேல ஒரு எறக்கம்.”

பெரிய சார் ஸ்பேனரைப் போல்ட்டிலிருந்து எடுத்தார். கீழே வைக்கவில்லை. கையில் பிடித்தபடியே கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்டுக்கு ஆள் அனுப்பி ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டர் வரவழைத்தார். மேசைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் உதடு அசைந்தது. இருபத்தாறு.

சத்தமே இல்லை. நான் ஏற்கனவே சொன்னேனே, அவர் சத்தமில்லாமல் போனால்தான் பயம் என்று. அவர் சுவருக்குப் போனார். காகிதத்தை நின்று படித்தார். பவித்ராவும் படித்தாள். ரெண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பெரிய சார் மாலையை ரெண்டு கையாலும் எடுத்து, தண்ணீர் சொட்டாமல் ஏந்திக்கொண்டு போய், வெளியே கதவுக் கொண்டியில் போட்டார். ஈரத்தைத் தன் கைக்குட்டையாலேயே பெட்டியிலிருந்து ஒற்றி எடுத்தார். கொஞ்ச நேரத்தில் நம்பர் மேலே ஏற ஆரம்பித்தது. ஏசி தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி உறுமியது.

“சூடு ஏறுனா மீட்டரும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும்” என்றார் பெரிய சார், யாருக்கோ சொல்கிற மாதிரி. “ஆனா இதுதான் காரணமான்னு இப்பச் சொல்ல முடியாது. ஆறட்டும். அது வரைக்கும் யாரும் எதையும் தொட வேண்டாம்.”

எல்லாரும் வராந்தாவில் உட்கார்ந்தோம். பூஜைப் பொரியும் கடலையும் ஒரு தாம்பாளத்தில் மிச்சம் இருந்தது. பசி யாருக்கும் இல்லை, ஆனால் கை சும்மா இருக்காமல் தின்றுகொண்டே இருந்தது. செல்வராஜ் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“என்ன பண்ணி வச்சிருக்கீங்க நீங்க? நாளைக்கு ஒங்கள எங்கிட்டு அனுப்புறது நானு?”

“எங்கிட்டும் அனுப்ப வேணாம் தம்பி. வீட்டுல இருந்துக்கிறேன்.”

“கோவத்துல சொல்லாதீங்க.”

“கோவமில்ல. இந்தாங்க, பொரி எடுத்துக்கங்க.”

வேலை போய்விடும் என்று முடிவே செய்துவிட்டேன். அது போனாலும் போகிறது, கண்ணாடிப் பெட்டி லீக்காக இல்லாமல் இருந்தால் போதும் என்றுதான் இருந்தது. லீக்காகவே இருந்துவிட்டால்? நான் சொன்னது வெறும் வீண் பேச்சாகி, அவளுக்குச் சித்திரையும் ஆகி, தையும் போய்… பவித்ரா என் அருகில் உட்கார்ந்து ஒவ்வொரு பொரியாக எடுத்து மடியில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

நாலரை மணிக்குப் பெரிய சார், “போய்ப் பாரும்மா” என்றார்.

அவள் உள்ளே போனாள். நான் வாசலில் நின்றேன், முட்டியைப் பிடித்துக்கொண்டு. வலி ஆரம்பித்திருந்தது. என் ஆயுசில் வலி வந்ததற்குச் சந்தோஷப்பட்டது பிள்ளைப்பேற்றில் ஒரு தரம், அன்றைக்கு ஒரு தரம்.

திரை கறுப்பு. கறுப்பு. அவள் எதையோ நகர்த்தினாள். ஒரு புள்ளி. அப்புறம் மூன்று. அப்புறம் கடலைச் சால் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாதி வயல். காலி இடங்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. நிறைந்தது நின்றது. பத்து நிமிடம் ஆனது, நின்றது. இருபது நிமிடம் ஆனது, அப்படியே நின்றது.

“லீக் இல்ல சார்” என்றாள் பவித்ரா. மறுபடி, “லீக் இல்ல ஆத்தா!” என்று கத்தினாள். ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் அழுதாள், தொப்பியெல்லாம் நனைய. “உங்கள என்ன பண்றதுன்னே தெரியல ஆத்தா! மாலையும் போட்டு, மாட்டியும் விட்டு, காப்பாத்தியும் விட்டு…”

“கண்ணத் தொடைக்கிறதுக்கு முன்னாடி கையக் கழுவிட்டு வாத்தா, பொரி தின்ன கையி” என்றேன்.

பெரிய சார் அப்போதுதான் ஸ்பேனரைச் சாவிப்பெட்டியில் போட்டார். செல்வராஜ் முந்திக்கொண்டு, “சார், நாளையிலருந்து இந்தம்மாவ வேற பில்டிங்குக்கு…” என்று ஆரம்பித்தார்.

“வேணாங்க” என்றார் பெரிய சார். என்னைப் பார்த்தார். “அந்தப் பேப்பரு நான் ஒட்டுனது. ஒட்டுனதோட சரி, உங்களுக்கு அத ஒருத்தரும் வாயத் தொறந்து சொல்லல. நாளைக்குக் காலைல வந்ததும் என்னயப் பாருங்க. முட்டி எப்புடி இருக்குன்னு சொல்லிட்டு அப்புறம் கூட்டுங்க. சூடு பாக்குறதுக்கு ரெண்டாவது சென்சார் வாங்குற வரைக்கும் அதுதான் ஏற்பாடு.”

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. மறுநாள் கேட்டார், அதற்கு மறுநாளும் கேட்டார். நான் சொன்னதைப் பவித்ரா நோட்டில் எழுதினாள். ரெண்டாவது சென்சார் வந்த பிறகும் அந்தக் கேள்வி நிற்கவில்லை. முட்டி போய், ‘நேத்துலருந்து என்ன மாத்துனீங்க?’ என்று ஆகிவிட்டது. உங்களிடமும் கேட்பார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். நாற்காலியை நகர்த்தியது, ஜன்னல் திரையை இழுத்துவிட்டது, நல்லது என்று நினைத்துச் செய்தது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். கெட்டது என்று தெரிந்து யாரும் அங்கே எதையும் செய்வதில்லை. நல்லது என்று செய்ததுதான் வாயில் வராது. ‘தெரியாதுன்னு சொல்லிருங்க’ என்று யாராவது சொல்லிக் கொடுத்தால் அவர்களைத் திட்டாதீர்கள், அவர்கள் பயம் அவர்களுக்கு. ஆனால் ஸ்பேனர் போல்ட்டில் ஏறிவிட்டதா என்று மட்டும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

பவித்ரா மறுநாள் முதல் அளவைத் திரும்ப எடுக்க ஆரம்பித்தாள். ஆறு நாளில் முடித்தாள். தை பிறப்பதற்கு முன்பே ஆராய்ச்சியைப் புத்தகமாகக் கட்டிக் கொடுத்துவிட்டாள். அதெல்லாம் பிறகு. விஜயதசமி சாயங்காலம் எப்படி வீடு போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

திருமயத்தில் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் சீட் கிடைத்தது. எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கு இருபது நிமிடம்தான். அத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அந்த இருபது நிமிடத்தில் நான் கண் அயர்ந்ததில்லை. அன்றைக்குச் சாய்ந்தது மட்டும்தான் தெரியும். யாரோ தோளைத் தொட்டு எழுப்பினார்கள். கண்டக்டர்.

“ஆத்தா, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு. எல்லாரும் எறங்கியாச்சு.”

“எங்க ஊரு வெலக்கு?”

“அது எப்பவோ போயிருச்சு. நானும் கத்திக் கத்திப் பார்த்தேன், நீங்க அசையல. மேலுக்கு முடியலயோன்னு பயந்துட்டேன்.”

அந்தக் கண்ணாடிப் பெட்டி ஞாபகம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. நிறுத்த முடியவில்லை. காலி பஸ்ஸில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

“என்னாச்சு ஆத்தா?”

“தொறக்கலப்பா” என்றேன். “கடைசி வரைக்கும் தொறக்கவே இல்ல.”

அவர் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். “கதவு தொறந்துதான் ஆத்தா இருக்கு” என்றார். “மெதுவா எறங்குங்க.”